கிழிக்கப்பட்ட அட்டைகளும் ஒரு வைத்தியரின் புள்ளிகளும்

கோல்ப் கழகங்களில் பணத்தால் வரும் பாகுபாட்டைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றார்கள். அதே கழகங்களுக்குள் நிலவும் இன்னொரு பாகுபாட்டைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆட்டத்தை எந்த முறையில் கணக்கிடுகின்றீர்கள் என்பதை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் பாகுபாடு அது. ஒவ்வோர் அடியையும் எண்ணிக் கூட்டுபவர் மேற்குலத்தவர். குழிக்குக் குழி புள்ளி பெறுபவர் கீழ்க்குலத்தவர். கழக ஓய்வறையின் சாய்கதிரைகளில் அமர்ந்திருக்கும் மூத்த அங்கத்தவர்கள் இந்த வருணாசிரமத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்து வருகின்றார்கள். "அடிகளை எண்ணுவதே கோல்ப், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு" என்பது அவர்களுடைய மந்திரம்.

இந்த மந்திரம் வரலாற்றுக்கும் கணக்குக்கும் நியாயத்திற்கும் பொருந்தாது என்பதே என்னுடைய வாதம்.

இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர்களில் சிலர் நாற்பது வயதுக்குப் பின்னர் இந்த ஆட்டத்தைக் கைக்கொண்டிருப்பதை அறிவேன். அவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். கோல்ப் மட்டையைத் தொட்டே அறியாத வாசகர்களுக்காக முதலில் சில வரிகள்.

கோல்ப் போட்டியில் வெற்றியைத் தீர்மானிக்கும் வழிகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது, நேருக்கு நேர் ஆட்டம். மெச் பிளே என்பார்கள். இருவர் மோதுவர். ஒரு குழியில் குறைந்த அடிகளில் பந்தை விழுத்தியவர் அந்தக் குழியை வென்றவர். நான்கு அடி வித்தியாசத்தில் தோற்றாலும் ஒரு குழிதான் நட்டம். இரண்டாவது, அடிக்கணக்கு ஆட்டம். கழகங்களில் இதற்கு மெடல் என்று பெயர். 18 குழிகளிலும் அடித்த ஒவ்வோர் அடியையும் கூட்டி, ஹன்டிகப்பைக் கழித்து, குறைந்த தொகை பெற்றவருக்குப் பரிசு. மூன்றாவது, ஸ்டேபிள்போர்ட். ஹன்டிகப் சலுகையைக் கழித்த பின்னர் ஒரு குழியை அதற்குரிய பார் அடிகளில் முடித்தால் 2 புள்ளிகள். ஓர் அடி கூடினால் 1. ஓர் அடி குறைந்தால் 3, இரண்டு குறைந்தால் 4. இரண்டு அடியோ அதற்கு மேலோ கூடினால் பூச்சியம். பூச்சியம் என்று தெரிந்துவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்துவிடலாம். அதிக புள்ளிகள் பெற்றவர் வென்றவர்.

ஹன்டிகப் என்பது ஆட்டக்காரரின் ஆற்றலுக்கேற்ப வழங்கப்படும் அடிச் சலுகை. வல்லவரும் எளியவரும் ஒரே களத்தில் மோதுவதற்கு வழிசெய்யும் ஏற்பாடு. இதுபோன்ற ஏற்பாட்டை அன்றாட ஆட்டத்தின் அடித்தளமாகவே வைத்துக்கொண்ட விளையாட்டு வேறொன்றை நான் அறியேன். கோல்ப்பின் பெருமை அதில்தான் இருக்கின்றது. அந்தப் பெருமையைக் காப்பாற்றும் முறை எது, கெடுக்கும் முறை எது என்பதே கேள்வி.

எது பழையது?

மெடல் பக்தர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் மரபு. அடிகளை எண்ணுவதே ஆதி முறை என்கின்றார்கள். மரபு அவர்கள் பக்கத்தில் இல்லை.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கோல்ப் விதிகள் 1744 ஆம் ஆண்டு எடின்பரோவுக்கு அருகிலுள்ள லீத் என்னுமிடத்தில் எழுதப்பட்டவை. மொத்தம் 13 விதிகள். பந்து நீரில் விழுந்தால் எதிராளிக்கு ஓர் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கின்றது அவற்றில் ஒன்று. எதிராளி என்ற ஒருவர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அந்த ஆட்டம் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் நடந்தது.

அடிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானித்ததற்கான மிகப் பழைய பதிவு 1759 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சென் அன்ட்ரூஸ் கோல்ப் ஆட்டக்காரர் சங்கம் வெள்ளி மட்டைக்கான போட்டியில் அந்த முறையைக் கொண்டுவந்தது. அப்போது அங்கே ஒரு சுற்றுக்கு 22 குழிகள். 1764 இல்தான் அது 18 ஆயிற்று. சங்கத்தார் கூறிய காரணம் என்ன தெரியுமா? வெள்ளி மட்டையை வெல்வது தொடர்பாக எழும் தகராறுகளையும் அசௌகரியங்களையும் நீக்குவதற்காக. அவ்வளவுதான். பலர் ஒரே நாளில் மோதும்போது யார் வென்றார் என்பதைச் சிக்கலின்றிச் சொல்வதற்கு ஏற்பாட்டாளர்கள் கண்டுபிடித்த நிர்வாக வசதியே அடிக்கணக்கு. இன்று வேதவாக்காகப் போற்றப்படும் முறை, ஒரு கூட்டக் குறிப்பில் பிறந்தது.

அதன்பின்னரும் நேருக்கு நேர் ஆட்டம் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1860 இல் பிரெஸ்ட்விக்கில் எட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் தொடங்கிய ஓபன் போட்டி அடிக்கணக்கில் நடந்தது என்பது உண்மை. ஆனால் 1885 இல் ஹொய்லேக்கில் பிரித்தானிய அமெச்சூர் போட்டி தொடங்கியபோது அது நேருக்கு நேர் ஆட்டமாகவே நடந்தது. இன்றும் அதன் கிண்ணம் இறுதியில் அப்படித்தான் தீர்மானிக்கப்படுகின்றது. அமெரிக்க அமெச்சூர் போட்டி 1965 இல் அடிக்கணக்குக்கு மாறி, எட்டு ஆண்டுகள் பார்த்துவிட்டு, 1973 இல் நேருக்கு நேர் ஆட்டத்திற்கே திரும்பியது. அமெரிக்கத் தொழில்முறையாளர்களின் பீ.ஜீ.ஏ. போட்டியோ 1957 வரை நேருக்கு நேர் ஆட்டமாக இருந்து, மறு ஆண்டில் அடிக்கணக்குக்கு மாறியது. தொலைக்காட்சி அதற்கு ஒரு முக்கிய காரணம். நட்சத்திரங்கள் ஆரம்பச் சுற்றுகளில் தோற்று வீட்டுக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை யாரைக் காட்டுவது?

ஆக, அமெச்சூர் ஆட்டத்தின் மரபு எது என்று கேட்டால் பதில் மெடல் அல்ல. சனிக்கிழமைக் காலையில் விளையாடும் வங்கி உத்தியோகத்தரும் பாடசாலை அதிபரும் தொலைக்காட்சி நிறுவனத்தின் தேவைக்காகப் பரவிய ஒரு முறையைத் தங்கள் முன்னோரின் மரபென்று நம்புகின்றார்கள்.

வைத்தியரின் மருந்து

டொக்டர் பிராங்க் ஸ்டேபிள்போர்ட் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். நல்ல கோல்ப் ஆட்டக்காரரும்கூட. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை ஸ்டேபிள்போர்ட் முறையின் மீது எறிபவர்கள் அதைக் கண்டுபிடித்தவர் ஆடத் தெரிந்தவர் என்பதை மறந்துவிடுகின்றார்கள். 1898 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் திகதி வேல்ஸின் பெனார்த் நகரிலுள்ள கிளமோர்கன்ஷயர் கழகத்தில் தமது புள்ளி முறையின் முதல் வடிவத்தை அவர் பரீட்சித்துப் பார்த்தார். அது அப்போது பரவவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் கடற்காற்று ஓயாது வீசும் வலசி கழகத்தில் அதைத் திருத்தி அமைத்தார். 1932 ஆம் ஆண்டு மே 16 ஆம் திகதி அங்கே நடந்த போட்டியே இன்றைய ஸ்டேபிள்போர்ட் ஆட்டத்தின் தொடக்கம்.

அவரைத் தூண்டியது ஒரு வைத்தியருக்கே உரிய அவதானிப்பு. போட்டிக்கு வருவோரில் பலர் முதற் சில குழிகளிலேயே நிலைகுலைந்து, அட்டையைக் கிழித்துப்போட்டுவிட்டு, மிகுதி நேரத்தை எந்த இன்பமுமின்றிக் கழிக்கின்றார்கள் என்பதை அவர் கண்டார். நோய் எங்கே இருக்கின்றதென்று பார்த்தார். ஒரு குழியில் நேரும் கேடு பதினெட்டுக் குழிகளுக்கும் பரவுவதே நோய். கேடு நேர்ந்த இடத்தோடு அதைக் கட்டுப்படுத்துவதே மருந்து. ஒரு குழியின் நட்டத்துக்கு எல்லை வகுத்தார். ஆட்டக்காரர் அடுத்த குழிக்குப் புது மனிதராகப் போகலாம்.

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த நீண்ட ஆண்டுகளில் விளையாட்டுப் பக்கத்திற்கு வந்துசேரும் கோல்ப் முடிவுத் தாள்களைப் பார்த்திருக்கின்றேன். மெடல் போட்டி என்றால் தாளின் மேற்பகுதியில் வென்றவர்களின் பெயர்களும் தொகைகளும் இருக்கும். கீழ்ப்பகுதியில் பெயர்கள் மட்டும் இருக்கும். தொகைக்குப் பதிலாக 'அட்டை கையளிக்கவில்லை' என்ற குறிப்பு. அந்தப் பெயர்கள் அச்சேறுவதில்லை. வென்றவர்களுக்கே பத்திரிகையில் இடம் போதாது. ஆனால் என் கண் அந்தக் கீழ்ப்பகுதியிலேயே நிலைக்கும். வாரம் முழுவதும் உழைத்து, விடுமுறை நாளில் அதிகாலை எழுந்து, நுழைவுக் கட்டணம் செலுத்தி, நான்கு மணித்தியாலம் வெயிலில் நடந்த மனிதர்கள் அவர்கள். நடந்ததற்கு எந்தப் பதிவும் இல்லாமற் போனவர்கள். ஒரு போட்டி முறை தன்னிடம் வருபவர்களில் இத்தனை பேரை இல்லாதவர்களாக்குமானால் குறை வந்தவர்களிடமா, முறையிடமா?

திறமையற்றவர்களுக்கு மட்டும் நேர்வது இது என்று எவரும் எண்ண வேண்டாம். யானைக்கும் அடி சறுக்கும். கோல்ப் வரலாற்றின் ஈடிணையற்ற அமெச்சூர் ஆட்டக்காரரான பொபி ஜோன்ஸ், 1921 ஆம் ஆண்டு சென் அன்ட்ரூஸில் நடந்த ஓபன் போட்டியின் மூன்றாவது சுற்றில் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் எடுத்தார். பதினோராவது குழியில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய போட்டி அங்கேயே முடிந்தது. ஜோன்ஸுக்கே இது நேர்ந்தது என்றால், ஹன்டிகப் 24 உடைய ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் அடிக்கணக்கின் மாண்பைப் பற்றி விரிவுரையாற்றுவதில் என்ன பொருள் இருக்கின்றது?

கணக்கு என்ன சொல்கின்றது?

உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம். பார் 72 உடைய மைதானம். ஹன்டிகப் 18 உடைய இருவர். இருவருக்கும் குழிக்கு ஓர் அடி சலுகை. கணக்கு எளிதாக இருப்பதற்காகச் சலுகையை முழுமையாகவே வழங்குவோம்.

முதலாமவர் 17 குழிகளைச் சலுகைக்குப் பின் சரியாகப் பாரில் முடிக்கின்றார். பார் 4 உடைய ஒரு குழியில் மட்டும் பந்து குளத்துக்குள் இருமுறை போய்விடுகின்றது. 10 அடிகள். இரண்டாமவர் அந்தக் குழி உட்பட 14 குழிகளைப் பாரில் முடிக்கின்றார். வேறு நான்கு குழிகளில் ஒவ்வோர் அடி கூடிவிடுகின்றது.

மெடல் கணக்கில் முதலாமவர் 95 அடி, கழித்த பின் 77. இரண்டாமவர் 94 அடி, கழித்த பின் 76. இரண்டாமவர் வென்றார்.

ஸ்டேபிள்போர்ட் கணக்கில் முதலாமவருக்கு 17 குழிகளில் 34 புள்ளிகள், ஒன்றில் பூச்சியம். இரண்டாமவருக்கு 14 குழிகளில் 28, நான்கில் 4, மொத்தம் 32. முதலாமவர் வென்றார்.

இப்போது இவ்விருவரையும் பழைய ஸ்கொட்லாந்து மரபுப்படி நேருக்கு நேர் மோதவிடுங்கள். முதலாமவர் நான்கு குழிகளை வெல்கின்றார். இரண்டாமவர் ஒன்றை வெல்கின்றார். மிகுதி 13 குழிகள் சமம். முதலாமவரே வென்றவர்.

கவனித்தீர்களா? ஒரே நாளில், ஒரே மைதானத்தில், அதே அடிகளை வைத்துக்கொண்டு பார்த்தால் நூற்றாண்டுகள் பழைமையான நேருக்கு நேர் ஆட்டமும் வைத்தியரின் புள்ளி முறையும் ஒரே தீர்ப்பை வழங்குகின்றன. மெடல் மட்டும் வேறு தீர்ப்பு வழங்குகின்றது. 18 குழிகளில் 17 குழிகளைக் குறையின்றி ஆடியவர், நான்கு இடங்களில் தவறியவரிடம் தோற்கின்றார். குடம் பாலுக்குத் துளி விஷம் என்ற கதை. எப்போதும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேபிள்போர்ட் நேருக்கு நேர் ஆட்டத்தின் நேர்வாரிசு என்பதையே இந்தக் கணக்கு காட்டுகின்றது. அந்நியன் வந்து புகுந்துகொண்டான் என்ற கூச்சல் அடங்கட்டும்.

எதிர்வாதங்களும் என் பதிலும்

எதிர்த்தரப்பின் வாதங்களை மறைத்துவிட்டு வழக்காடுவது அழகல்ல. அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுக்கின்றேன்.

"பத்து அடி அடித்தது உண்மைதானே, அதை ஏன் மறைக்க வேண்டும்?" என்கின்றார்கள். ஒருவரும் மறைக்கவில்லை. அந்தக் குழியில் அவர் ஒரு புள்ளியும் பெறவில்லை. தண்டனை கிடைத்தது. தண்டனையின் அளவு என்ன என்பதே விவாதம். கேடு நேர்ந்த குழிக்கு அந்தக் குழியின் விலையைச் செலுத்தினாற் போதாதா? எஞ்சிய நாளையும் அடகுவைக்க வேண்டுமா?

இந்த வாதத்தை முன்வைப்போர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுடைய சொந்த ஹன்டிகப் எவ்வாறு கணிக்கப்படுகின்றது? 2020 இல் நடைமுறைக்கு வந்த உலக ஹன்டிகப் முறையின்படி, அண்மைய 20 சுற்றுகளில் மிகச் சிறந்த எட்டின் சராசரியே அடிப்படை. அந்தக் கணிப்பில் எந்தக் குழியிலும், சலுகைக்குப் பின் பாருக்கு மேல் இரண்டு அடிகளுக்கு அதிகமாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. நீங்கள் 10 அடித்தாலும் 14 அடித்தாலும் அந்த எல்லையில் வெட்டப்பட்டுவிடும். அந்த எல்லை எது? ஸ்டேபிள்போர்ட்டில் பூச்சியம் தொடங்கும் அதே இடம். மெடல் போட்டியில் ஆடிவிட்டு வந்து பெருமை பேசுபவரின் ஹன்டிகப்புக்குள் வைத்தியரின் தத்துவம் ஏற்கனவே குடியிருக்கின்றது. ஆற்றலை அளப்பதற்கு எல்லை வகுத்த கணக்கே சரியானது என்று உலகமே ஏற்றுக்கொண்ட பின்னர், பரிசை வழங்குவதற்கு மட்டும் எல்லையற்ற கணக்கை வற்புறுத்துவது என்ன நியாயம்?

"புள்ளி முறை ஆட்டக்காரரைத் துணிச்சல்காரராக்கிவிடுகின்றது. பூச்சியத்திற்குக் கீழே போக முடியாது என்பதால் கண்மண் தெரியாமல் அடிக்கின்றார்கள்" என்பது இரண்டாவது வாதம். அடிக்கட்டுமே. குளத்தைத் தாண்டி அடிக்கத் துணிபவரும், சுற்றிப் போகும் நிதானக்காரரும் தத்தம் தெரிவின் பலனைப் பெறுகின்றார்கள். நேருக்கு நேர் ஆட்டத்திலும் இதே துணிச்சலுக்கு இடமிருக்கின்றது. அதை எவரும் இழிவென்று சொல்வதில்லை. விடுமுறை நாளில் விளையாட வந்தவருக்கு ஒரு துணிச்சலான அடியின் இன்பத்தையும் மறுத்துவிட்டால் அவர் எதற்காக வர வேண்டும்?

மூன்றாவது வாதம் கனமானது. ஹன்டிகப் அதிகமுள்ளவர்களின் ஆட்டம் ஏற்ற இறக்கம் நிறைந்தது. அவர்களின் மோசமான குழிகளை ஸ்டேபிள்போர்ட் மூடிவிடுவதால், நல்ல குழிகள் மட்டும் சேர்ந்து நாற்பதுக்கு மேல் புள்ளிகள் குவிந்துவிடுகின்றன. நிதானமாக ஆடும் ஹன்டிகப் 5 காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதில் உண்மை இருக்கின்றது. எனினும், பெரிய போட்டிகளில் ஏற்ற இறக்கக்காரருக்கு ஒரு நல்ல நாள் வாய்ப்பது மெடலிலும் நடப்பதுதான். அதனாற்றான் இவ்விரு முறைகளிலும் தனிநபர் போட்டிகளுக்குச் சலுகையில் 95 வீதத்தை மட்டும் வழங்குமாறு உலக ஹன்டிகப் முறை பரிந்துரைக்கின்றது. ஹன்டிகப் அடிப்படையில் பிரிவுகள் வகுத்துத் தனித்தனிப் பரிசுகள் வழங்கினால் மிகுதிக் குறையும் நீங்கும். வேண்டுமென்றே ஹன்டிகப்பை உயர்த்தி வைத்துக்கொண்டு பரிசுகளை அள்ளிச் செல்லும் கள்ளர்கள் இருக்கின்றார்கள் என்பதும் உண்மை. அவர்களைப் பிடிப்பது ஹன்டிகப் குழுவின் கடமை. காவலாளி உறங்கியதற்காக வீட்டை இடிக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

"தொழில்முறையாளர்கள் அடிக்கணக்கில்தானே ஆடுகின்றார்கள்" என்பது நான்காவது. தொழில்முறையாளர்களிலும் விதிவிலக்கு உண்டு. கொலராடோவில் 1986 முதல் 2006 வரை நடந்த இன்டர்நஷனல் போட்டி மாற்றியமைக்கப்பட்ட ஸ்டேபிள்போர்ட்டில் நடந்தது. ரெனோ தாஹோ போட்டியும் 2012 இல் அதே முறைக்கு மாறியது. அது கிடக்கட்டும். 1999 இல் கார்னூஸ்டியில் மூன்று அடிகள் முன்னணியில் கடைசிக் குழிக்கு வந்த ஜோன் வன் டி வெல்டே அங்கே 7 அடிகள் எடுத்து, பின்னர் நடந்த மேலதிக ஆட்டத்தில் ஓபன் கிண்ணத்தைப் பறிகொடுத்தார். கால்சட்டையை மடித்துக்கொண்டு அவர் ஓடைக்குள் இறங்கி நின்ற காட்சியை உலகம் மறக்கவில்லை. அது நாடகம். அந்த நாடகத்திற்காகப் பார்வையாளர்கள் பணம் செலுத்துகின்றார்கள், நடிப்பவருக்கும் பணம் கிடைக்கின்றது. நமது ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஓடைக் காட்சிக்குச் சாட்சி யார்? பின்னால் காத்திருந்து பொறுமையிழக்கும் நால்வர் மட்டுமே.

அந்த நால்வரையும் மறக்க வேண்டாம். மெடலில் ஒருவர் 12 ஆவது அடிக்காகக் குனிந்து நிற்கும்போது அவருக்குப் பின்னால் மைதானமே நிற்கின்றது. கோல்ப்பை விட்டு மக்களை விலக்கும் காரணங்களில் ஆட்டம் இழுபடுவதும் ஒன்று. ஆட்டத்தின் உலக நிர்வாகிகள் 2019 இல் விதிகளை மறுசீரமைத்தபோது இதை உணர்ந்தே, தொலைந்த பந்தைத் தேடும் நேரத்தை ஐந்து நிமிடங்களிலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். அத்துடன் 'உச்ச அடி எல்லை' என்ற புதிய போட்டி முறையையும் விதி 21 இல் சேர்த்தார்கள். அடிகளை எண்ணலாம், ஆனால் ஒரு குழிக்குக் குழு விதித்த எல்லைக்கு மேல் எண்ணப்படாது. வலசியில் வைத்தியர் 1932 இல் எழுதிய மருந்துச் சீட்டை நிர்வாகிகள் வேறு பெயரில் மீண்டும் எழுதினார்கள் என்றே நான் இதைக் கருதுகின்றேன்.

அட்டையும் மனிதரும்

அடிக்கணக்கின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். அது ஆட்டத்தை அட்டைக்கு அடிமையாக்கிவிடுகின்றது. 1968 ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாள், ஆர்ஜென்டினாவின் ரொபெர்ட்டோ டி விசென்சோவின் 45 ஆவது பிறந்த நாள். 65 அடிகளில் சுற்றை முடித்து முதலிடத்தைச் சமன் செய்தார். ஆனால் 17 ஆவது குழியில் அவர் எடுத்த 3 அடிகளை அவருடன் ஆடியவர் 4 என்று குறித்திருந்தார். அதைக் கவனியாமல் டி விசென்சோ கையெழுத்திட்டார். அட்டையில் இருந்த 66 நிலைத்தது. மேலதிக ஆட்டத்திற்கான உரிமை போயிற்று. பல்லாயிரம் கண்கள் பார்த்த அடியைவிடக் காகிதத்தில் இருந்த எண் பெரிதாயிற்று.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு காட்சி. 1969 ஆம் ஆண்டு ரோயல் பேர்க்டேலில் ரைடர் கிண்ணத்தின் கடைசி ஆட்டம், கடைசிக் குழி. டொனி ஜக்லின் இரண்டு மூன்று அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டியிருந்தது. தவறினால் அமெரிக்காவுக்கு வெற்றி. ஜக் நிக்லஸ் ஜக்லினின் அடையாள வில்லையைக் குனிந்து எடுத்து, அந்த அடியை விட்டுக்கொடுத்தார். கிண்ணம் 16 க்கு 16 என்று சமநிலையில் முடிந்தது. நேருக்கு நேர் ஆட்டத்தில் மட்டுமே இத்தகைய பெருந்தன்மைக்கு விதியில் இடமுண்டு. அடிக்கணக்கில் எதிராளி என்று ஒருவர் இல்லை. விட்டுக்கொடுப்பதற்கும் ஆளில்லை.

ஆகவே நான் மெடலை ஒழிக்கக் கோரவில்லை. கழகத்தின் ஆண்டுச் சம்பியன் பட்டம் அடிக்கணக்கில் தீர்மானிக்கப்படட்டும். அந்தச் சோதனையை விரும்பி ஏற்பவர்கள் இருக்கின்றார்கள், அவர்களை மதிக்கின்றேன். மோசமான குழியைக் கடைசி வரை ஆடி முடிப்பதிலும் ஒரு கல்வி உண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சோதனையை எல்லோர் தலையிலும் வாரந்தோறும் சுமத்துவதையும், சுமக்க மறுப்பவரை இழிவாகப் பார்ப்பதையும் எதிர்க்கின்றேன்.

போட்டிக் குழுக்களில் அமர்ந்திருப்போருக்கு என் கோரிக்கைகள் இவை. வாராந்தப் போட்டிகளை ஸ்டேபிள்போர்ட்டில் நடத்துங்கள். மாதத்திற்கு ஒரு மெடல் போதும். அதிலும் ஹன்டிகப் அதிகமுள்ள பிரிவுக்கு உச்ச அடி எல்லையை விதியுங்கள், விதியே அதற்கு இடமளிக்கின்றது. ஆண்டு முழுவதும் நீளும் நேருக்கு நேர் ஆட்டத் தொடரை, பெயருக்கு நடத்தாமல், நாட்காட்டியில் முறையாக நாள் குறித்து நடத்துங்கள். கௌரவப் பலகையில் மூன்று முறைகளின் வெற்றியாளர்களுக்கும் ஒரே அளவு எழுத்தில் இடம் கொடுங்கள்.

இலங்கைக்கு இந்த ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இன்று ரோயல் கொழும்பு கோல்ப் கழகமாக விளங்குவது 1879 இல் தொடங்கியது. நுவரெலியாவில் 1889 இல் கழகம் எழுந்தது. தோட்டத்துரைமாரும் குடியேற்ற அதிகாரிகளும் தங்களுக்கெனக் கொண்டுவந்த ஆட்டம் அது. அவர்கள் போய்ச் சேர்ந்து பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. வேலி தாண்டி உள்ளே வர நம்மவர்க்கு அவ்வளவு காலம் எடுத்தது. உள்ளே வந்தவரிடம் 'நீர் ஆடுவது உண்மையான கோல்ப் அல்ல' என்று சொல்வதற்குப் புதிய துரைமார் முளைப்பதை நான் பொறுத்துக்கொள்ளத் தயாரில்லை.

இன்றைய ஹன்டிகப் முறை 54 வரை சலுகை தருகின்றது. ஆட்டத்தை நேற்றுத் தொடங்கிய பெண்ணும், முழங்கால் நோவோடு ஆடும் எழுபது வயதுக்காரரும் வரலாம் என்பது அதன் பொருள். வாசலை அகலத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவர்களுக்கு முன்னால் 130 அடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டச் சொல்லும் அட்டையை நீட்டினால், அவர்கள் அடுத்த சனிக்கிழமை வரமாட்டார்கள். கழகத்தின் வருமானம் குறையும்போது நிர்வாகிகள் காரணம் தேடுவார்கள். போட்டி முடிவுத் தாளின் கீழ்ப்பகுதியை வாசித்துப் பார்க்கட்டும். காரணம் அங்கே பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கின்றது.